சீர்துடிப்புக் கிராமம்

கரட்டுப்புதூரில் யாருக்கும் இதயக் கோளாறு கிடையாது. ஊர் நுழைவில் பச்சைப் பெயிண்டில் அப்படி எழுதிப் பலகையே நட்டு வைத்திருக்கிறார்கள். பலகை நட்ட அன்றைக்குத்தான் சடையனுக்கு வாய் கோணிக்கொண்டது.

நாமகிரிப்பேட்டையிலிருந்து உள்ளே போகிற டவுன் பஸ் திரும்புகிற ஊர் அது. பாதிப் பேருக்கு மரவள்ளிக் காட்டில் வேலை, மீதிப் பேருக்கு லாரியில். சேலத்தில் இருக்கிற நலத்துடிப்பு அறக்கட்டளைக்கு இந்த ஊர்மேல் திடீரென்று பிரியம் வந்தது. அறக்கட்டளைக்குச் சொந்தமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி உண்டு. ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாக ஓர் இயக்குநர் உண்டு, பெயர் செந்தமிழன். அவர் ஆளுக்கு ஒரு கைப்பட்டை கொடுப்பதாக அறிவித்தார்.

பட்டை பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். இதயம் ஒழுங்காகத் துடித்தால் பச்சை விளக்கு, தாறுமாறாகத் துடித்தால் சிவப்பு. ஆளுக்கே தெரியாவிட்டாலும் பட்டைக்குத் தெரிந்துவிடும். அப்படித் தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும், முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையிலேயே தடுத்துவிடலாம். நல்ல யோசனைதான். நல்ல யோசனையாக இருந்ததால்தான் அதை நிறைவேற்ற ஓர் அலுவலகம் தேவைப்பட்டது.

அந்த அலுவலகத்தில்தான் சடையன் மகள் சுகன்யாவுக்கு வேலை கிடைத்தது. பி.எஸ்ஸி. இயற்பியல். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலைக்குப் பெயர் 'துடிப்புத் தோழி'. ஒப்பந்த வேலை. ரோஸ் நிறத்தில் சீருடைச் சேலை, முந்தானையில் இதயப் படம். சடையன் கோழித் தீவன லாரி ஓட்டுகிறவர். மகள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிற நேரம் பார்த்து டீக்கடைக்கு வந்து நிற்பார். "ஆபீஸ் போவுது" என்று யாரும் கேட்காமலே சொல்வார்.

பட்டை வழங்கும் விழாவில் ஒவ்வொருவரும் பட்டை கட்டிய கையை நெஞ்சில் வைத்து உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. "பட்டை அறக்கட்டளையின் சொத்து. இதயம் என் சொந்தப் பொறுப்பு." எல்லோரும் சத்தமாகத்தான் சொன்னார்கள். பின்னால் டிபன் இருந்தது.

சுகன்யாவின் அம்மா சின்னாயி பட்டையைக் கழற்றி மஞ்சத் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். சாணி அள்ளுகிற கையில் இத்தனை புதுசைக் கட்டுவதா என்று அவளுக்கு. சேலத்தில் இருக்கிற கணினிக்குத் துடிப்பு வரவில்லை. அது தனக்குத் தெரிந்த முடிவுக்கு வந்து, சின்னாயியின் செல்லுக்கே செய்தி அனுப்பியது: 'தங்கள் இழப்புக்கு ஆழ்ந்த இரங்கல்.'

"யாரு கண்ணு போய்ச் சேந்துட்டாங்க?" என்று சின்னாயி பதறிப்போய்க் கேட்டாள்.

"நீதாம்மா."

"அய்யோ, எனக்கு இன்னும் மாட்டுக்குத் தண்ணி காட்டற வேல கெடக்குதே."

எல்லோரும் சிரித்தார்கள். சுகன்யாவும் சிரித்தாள். அந்தத் திட்டத்தைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் கடைசி.

மறு மாதம் சடையனுடைய பட்டை சிவப்பு காட்டியது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. "நெஞ்சுக்குள்ள கோழி றெக்க அடிக்கற மாதிரி இருக்குது சாமி. சித்த நேரத்துல நின்னு போயிருது" என்று மகளிடம் சொன்னார் சடையன். சுகன்யாவுக்குப் பயம்தான். ஆனாலும் ஒரு சந்தோஷம் இருந்தது. படித்தது, பயிற்சி எடுத்தது எல்லாம் இதற்குத்தானே. சரியான நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம். அன்றைக்கே மேலே தகவல் அனுப்பினாள்.

டாக்டர் வருவார் என்று பார்த்தாள். விளக்கம் கேட்டு மேலாளர் குருமூர்த்தியிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏம்மணி, உன்னைய நம்பி ஒரு ஊரைக் குடுத்தா இப்படியா பண்ணிப்போடுவ?"

"நான் என்னங்க சார் பண்ணுனேன்? பட்டை கண்டுபுடிச்சிருக்குது."

"அது கண்டுபுடிக்கும். மிஷினுக்கு என்ன தெரியும்? நீ படிச்ச புள்ள, நீயுமா மேல அனுப்புவ?"

"டாக்டர்கிட்ட காட்டோணுமில்லைங்களா?"

"காட்டலாம், யாரு வேண்டாங்கறா? விதி இருக்குது." குருமூர்த்தி நிதானமாக விளக்கினார். ஒருவரை டாக்டரிடம் அனுப்புவதற்கு முன்னால் அவருடைய பட்டை பழுதில்லாதது என்று நிரூபிக்க வேண்டும். பட்டை பழுதில்லாதது என்றால் ஒரு வாரம் இடைவிடாமல் பச்சை காட்டியிருக்க வேண்டும்.

"ஒரு வாரம் பச்சையே காட்டுனா அப்புறம் எதுக்குங்க சார் டாக்டரு?"

"அதேதான்!" குருமூர்த்தி முகம் மலர்ந்தது. "டாக்டரே தேவையில்ல. எவ்வளவு யோசிச்சுப் போட்டிருக்காங்க பாரு."

அந்த வாரமே துடிப்புத் தோழிகள் எல்லோரையும் சேலத்துக்கு வரச்சொன்னார்கள். குளிரூட்டிய அரங்கம். இயக்குநர் செந்தமிழன் மேடையேறினார்.

"தோழிகளே, நம்முடைய நோக்கம் என்ன? நோய் இல்லாத கிராமம். நோய் இல்லை என்பது நமக்கு எப்படித் தெரியும்? அது கண்டுபிடிக்கப்படாததால் தெரியும். ஆனால் உங்களில் சிலர் போட்டி போட்டுக்கொண்டு நோயைக் கண்டுபிடிக்கிறீர்கள். எனக்கு வேதனையாக இருக்கிறது. நாம் வருவதற்கு முன் உங்கள் ஊர்களில் எத்தனை இதயக் கோளாறு பதிவாகியிருந்தது? ஒன்றுகூட இல்லை. நாம் வந்த பிறகு இத்தனை. நிதி கொடுப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நம்மால்தான் வந்தது என்று நினைக்க மாட்டார்களா?"

கைதட்டினார்கள். சுகன்யாவும் தட்டினாள். பக்கத்தில் இருந்தவள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு போட்டியை அறிவித்தார்கள். ஒரு மாதம் முழுக்கப் பச்சை மட்டும் காட்டுகிற ஊருக்கு 'சீர்துடிப்புக் கிராமம்' என்ற பட்டம். பலகை நடப்படும். அந்த ஊர்த் தோழிக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படும். சிவப்பு காட்டுகிற ஊர்களில் திட்டம் தோற்றதாகக் கருதப்பட்டுத் தோழி விடுவிக்கப்படுவார்.

சடையனை ராசிபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுக்க லீவு கேட்டாள் சுகன்யா. "விழா முடியட்டும்" என்றார் குருமூர்த்தி. லீவு தராவிட்டால் என்ன, ஒருநாள் சொல்லாமல் போயிருக்கலாம். அம்மாவோடு அனுப்பியிருக்கலாம். பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். கட்டி, மூளை, கை கால் எல்லாம் ஊருக்கே படம் போட்டு விளக்கியவள் அவள். விழா முடியட்டும் என்று அவளும் நினைத்தாள். அதுதான் உண்மை.

விஷயத்தை வீட்டில் சொன்னபோது சடையன் வழி சொன்னார். கந்தவேலும் கூட இருந்தார். கந்தவேல் சின்னாயிக்குத் தம்பி முறை, அவரும் டிரைவர். பட்டை கொடுத்த அன்றைக்கு லாரியில் வெளியூர் போயிருந்ததால் அவருக்கென்று பட்டை கிடையாது. ஆள் கருங்கல் மாதிரி இருப்பார், தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை.

"இதுக்குப் போயா அழுவற? எஃப்.சி.க்கு நாங்க என்ன பண்றோம்?" என்றார் சடையன்.

லாரிக்காரர்கள் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. வருஷா வருஷம் வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும், அதுதான் எஃப்.சி. டயர் தேய்ந்திருந்தால் கிடைக்காது. அதனால் நல்ல வண்டியிலிருந்து டயரைக் கழற்றி இரவல் மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, பொழுதோட திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். யாரும் அதைத் தப்பு என்று நினைப்பதில்லை. கேட்டால் கொடுக்காதவனைத்தான் தப்பாக நினைப்பார்கள்.

"என்ற வாட்ச்ச மாப்ள கையில கட்டியுடு. விழா முடிஞ்சதும் கழட்டிக்கலாம்."

"கட்டுங்க மச்சான், எனக்கென்ன? இந்த நெஞ்சுல பத்து ஊரு ஓடும்" என்று கந்தவேல் கையை நீட்டினார்.

சின்னாயிக்குப் பிடிக்கவில்லை. "ஏனுங்க, டயரும் நெஞ்சும் ஒண்ணுங்களா? எஃப்.சி. முடிஞ்சா மறுக்காப் பழைய டயர மாட்டிட்டுத்தான ஓட்டுவீங்க?"

"ஓடலியா?"

"ரெண்டு தடவ வெடிச்சுதே."

"வெடிச்சும் ஊடு வந்து சேந்தனல்ல? நீ சும்மா இரு. புள்ள வேலைய நீயே கெடுத்துப்போடாத."

சடையன் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றியது சுகன்யாதான். சடையனுக்குக் கொக்கி பிடிபடவில்லை, அவள்தான் குனிந்து நிதானமாகக் கழற்றினாள். கழற்றும்போது நாடியில் அவள் விரல் பட்டது. குதித்தது, நின்றது, மறுபடி தடதடவென்று ஓடியது. விரலை எடுத்துக்கொண்டாள்.

கரட்டுப்புதூரில் ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டுக்குத் தெரிய வெகுநேரம் ஆகாது. தங்கசாமியின் பட்டையும் அவ்வப்போது சிவப்பு காட்டிக்கொண்டிருந்தது. பாவாயிக்கும் அப்படித்தான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கந்தவேலின் முழங்கை வரைக்கும் பட்டையாக ஏறிவிட்டது. தண்ணி பிடிக்கிற இடத்தில் பெண்கள் விடவில்லை.

"என்ன மாமா, வளைகாப்பா? எத்தன மாசம்?"

"உங்க எல்லாரையும் நாந்தான் சொமக்கறேன். ஒழுங்காப் பேசுங்க" என்றார் கந்தவேல்.

சிரமம் அவருக்குத்தான். அவர் கோபப்பட்டால் ஊரே படபடத்ததாகப் பதிவாகும். ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். கரட்டுப்புதூரில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஓடி ஒரே நேரத்தில் நின்றதாகச் சேலத்தில் தெரிந்தது. உடனே குருமூர்த்தி பேசினார். சுகன்யா மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தாள்.

"அம்மணி! கூட்டு உடற்பயிற்சி ஆரம்பிச்சிருக்கீங்களா? டைரக்டர் ரொம்ப சந்தோசப்பட்டாரு!"

மாதம் முடிந்தது. கரட்டுப்புதூர் முழுக்கப் பச்சை.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டார்கள். சேலத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளே கேடயங்களும் தக்காளி சாதப் பொட்டலங்களும் அடுக்கியிருந்தார்கள். செந்தமிழன் மைக்கைப் பிடித்தார்.

"அறிவியலே வியக்கும் ஒன்றை இந்த ஊர் செய்திருக்கிறது. இங்கே ஐந்து பேருக்கு, ஒரு துடிப்புகூட முன்பின் இல்லாமல், ஒரே மாதிரி இதயம் துடிக்கிறது! சாதாரண மருத்துவர் இதைப் பார்த்தால் சந்தேகப்படுவார். நான் பெருமைப்படுகிறேன். இதற்குப் பெயர்தான் சமூக ஒற்றுமை. இந்த ஐந்து பேரில் ஒருவரை, பெயர் வரிசையில் முதலில் வருகிறவரை, இந்த ஆண்டின் சிறந்த இதயமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். திரு. சடையன் அவர்கள்!"

கந்தவேல் பந்தக்காலுக்குப் பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். அவரைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள்.

சடையன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டு மேடை ஏறினார். கண்ணாடிக் கேடயத்தை வாங்கினார். அது அவர் வலக்கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. மைக்கைக் கொடுத்தார்கள். அவர் என்னவோ சொன்னார். வார்த்தை வார்த்தையாக இல்லை, வாயில் சோறு வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது.

"பாருங்கள்! உணர்ச்சிவசப்பட்டுப் பேச்சே வரவில்லை!" என்றார் செந்தமிழன். கூட்டம் மறுபடி கைதட்டியது.

கைதட்டாமல் ஓடினவள் சுகன்யா. சடையனுடைய வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

ஆம்புலன்ஸில் கேடயங்களை ஓரம் தள்ளிச் சடையனைப் படுக்கவைத்தார்கள். சுகன்யாவோடு செந்தமிழனும் ஏறிக்கொண்டார். சிறந்த இதயத்தைத் தானே நேரில் அழைத்துப்போவது நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சேலம் போகிற வழியெல்லாம் அவர் செல்லில் சடையனின் பதிவைக் காட்டிக்கொண்டே வந்தார். "பாரும்மா, பச்சை. வெயில்தான். வேறொன்றுமில்லை."

அவசரப் பிரிவில் யுவஸ்ரீ என்று ஒரு சின்ன வயசு டாக்டர் இருந்தாள். சடையனின் கையைத் தூக்கிப் பார்த்தாள், கீழே விழுந்தது. "முகம் கோணியிருக்கு சார். ஸ்கேன் எடுக்கணும்."

"முதல் தடவை மேடை ஏறினவர் டாக்டர். மேடைக் கூச்சம். குளுக்கோஸ் போடுங்கள். இன்றைக்கு விருது வாங்கின மனிதரை மூளை ஸ்கேனுக்கு அனுப்பினால் நாளைக்கு என்ன எழுதுவார்கள்?"

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு சுகன்யாவின் முந்தானையில் இருந்த படத்தைப் பார்த்தாள். "நீங்கதான் அந்த ஊர்த் தோழியா? இவருக்கு இதயத் துடிப்புல எப்பவாவது ஏதாவது தப்பா இருந்துதா? இருந்துதுன்னா இது கட்டியா இருக்கலாம். உடனே ஸ்கேன் போயாகணும்."

"எங்கள் பதிவில் சுத்தம்" என்றார் செந்தமிழன்.

"நான் இவங்களக் கேட்டேன் சார்."

சுகன்யாவின் வாய் திறக்கவில்லை.

மறந்துபோனதால் இல்லை, பதறியதால் இல்லை. அவள் யோசித்தாள். சொன்னால் பட்டை மாற்றியது வெளியே வரும். வேலை போகும், பலகை போகும், கந்தவேல் மாமா மேல் வழக்குக்கூட வரும். ஒருவேளை வெயிலாகவே இருந்தால்? ஒருவேளை இந்த டாக்டர் இன்னொரு தடவை கேட்காமல் தானே ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டால்? அப்பா கட்டிலில் கிடந்தார். நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துவந்து மாட்டினாள். ஊசி தேடினாள், நரம்பு தேடினாள், பிளாஸ்திரி ஒட்டினாள். அவ்வளவு நேரமும் சுகன்யா யோசித்துக்கொண்டே நின்றாள்.

பிறகுதான் சொன்னாள். "இருந்துதுங்க டாக்டர். ரெண்டு மாசமாச் செவப்பு. பட்டை இவரு கையில இல்ல. வேற ஆள் கையில கட்டியிருக்குது. நாந்தான் கழட்டுனேன்."

டாக்டர் கட்டிலைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினாள்.

கட்டிதான். கரைக்க ஊசி போட்டார்கள். உயிர் தப்பியது, வலக்கை திரும்பவில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடியே..." என்று ஆரம்பித்த யுவஸ்ரீ வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளுக்கும் அதே அறக்கட்டளைதான் சம்பளம் கொடுத்தது.

விசாரணை நடந்தது. சடையன் ஸ்கேன் இயந்திரத்துக்குள் கிடந்த நேரத்திலும் அவருடைய இதயம் கரட்டுப்புதூர் டீக்கடையில் உட்கார்ந்து சீராகத் துடித்ததாகவே பதிவாகியிருந்தது. பதிவை மறுக்க எந்த ஆதாரமும் இல்லை என்று முடிவெடுத்தார்கள். குருமூர்த்தி ஆப்பிளோடு வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார்.

"நான் டாக்டர்கிட்டயே சொன்னனுங்களே சார், மாத்திக் கட்டுனோமுன்னு."

"வாயால சொன்ன. வாயால சொல்றதெல்லாம் தரவு ஆகாது."

"எங்கப்பாவுக்குக் கை உழுந்துபோச்சுங்க."

"பக்கவாதம். அது மூளைத் துறை. நம்முது இதயம். மூளைக்கு வேற திட்டம், வேற நிதி. அவங்க கணக்குல வந்துரும், நீ கவலப்படாத." ஒப்பந்த நீட்டிப்பு ஆணையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "திங்கக்கெழம வந்து சேந்துக்க. அடுத்தது உனக்குப் பெரிய ஊராக் குடுத்திருக்காங்க."

சுகன்யா அதைத் தொடவில்லை. கிழித்துப்போடவும் இல்லை. கிழித்துப்போட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் தீவன லாரியை இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார்.

குருமூர்த்தி போன பிறகு கந்தவேல் வந்தார். கையில் பட்டை ஒன்றும் இல்லை. மச்சான் முகத்தை நேராகப் பார்க்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சுகன்யா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கமாக வழிவதைத் துடைத்துத் துடைத்து ஊட்ட வேண்டியிருந்தது.

சடையனுக்குப் பேச்சு குழறினாலும் பழகினவர்களுக்குப் புரியும். "மாப்ள, என்ற புள்ள இல்லீனா நான் போயிருப்பன்டா. அத்தன பெரிய மனுசன் பக்கத்துல நிக்கறான், இவ பயப்படல. கேட்டதும் டக்குன்னு சொல்லிப்போட்டா."

"டக்குன்னு சொல்லலப்பா."

சடையன் திரும்பிப் பார்த்தார்.

"ரோசிச்சேன். வேல போயிருமேன்னு ரோசிச்சுட்டு நின்னேன். அப்புறந்தான் சொன்னேன்."

கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சின்னாயி எட்டிப் பார்த்தாள். சுகன்யா திட்டுக்காகக் காத்திருந்தாள். அடி விழுந்தாலும் தேவலை என்று இருந்தது.

சடையன் நல்ல பக்கத்து வாயால் சிரித்தார்.

"அதுக்கென்ன சாமி? மேட ஏறறதுக்கு முன்னயே எனக்குக் கை மரத்துப்போச்சு. உன்ற அம்மாகிட்டக்கூடச் சொல்லல. சொன்னா விழா நின்னுரும், உன்ற வேல போயிருமுன்னு பல்லக் கடிச்சுட்டு ஏறிப்போட்டேன்." மேஜைமேல் கிடந்த ஆணையை இடக்கையால் காட்டினார். "பாரு, ரெண்டு பேரும் வாயத் தொறக்காம இருந்ததுக்குப் பலன் கெடச்சிருச்சு. திங்கக்கெழம நேரத்துல போயிரு."